பழைய ஷேவிங் பிரஷ்ஷுக்குப் புது முடி: முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ஷேவிங் பிரஷ்ஷில் காப்பாற்ற வேண்டியது கைப்பிடியை. முடியை அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எண்பது வருடப் பழைய பிரஷ் ஒன்று கையில் கிடைத்ததும் எல்லோரும் அதன் முடியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள், ஷாம்பு போட்டு அலசுகிறார்கள், வினிகரில் ஊற வைக்கிறார்கள். முடி தேய்ந்து உதிரும் பொருள், அதை மாற்றிக்கொள்ளலாம். கடைந்து மெருகேற்றிய அந்தக் கைப்பிடியை இன்றைக்கு அதே பொருளில் யாரும் செய்து தருவதில்லை. அதனால் இந்த வேலை சுருக்கமாக இவ்வளவுதான்: பழைய முடியை வெட்டி எடுத்து, அது புதைந்திருந்த குழியைத் துளைத்துச் சுத்தம் செய்து, கைப்பிடியைத் துலக்கி, புது முடிக்கட்டை (அடியில் பசையால் இறுக்கிய முடிக் கத்தை) ஒட்டுவது. பெரிய பட்டறை வேண்டாம். ஆனால் அவசரப்படுகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

எந்த பிரஷ்ஷில் தொடங்கலாம்

1920 முதல் 1950 வரை அமெரிக்காவில் லட்சக்கணக்கில் தயாரான சாதாரண பிரஷ்கள்தான் முதல் முயற்சிக்கு ஏற்றவை. புரூக்ளினில் இருந்த அமெரிக்கன் சேஃப்டி ரேசர் கம்பெனியின் எவர்-ரெடி, நியூ ஜெர்சி மாநிலம் நியூவார்க்கின் ரப்பர்செட், மேட்-ரைட் போன்ற பெயர்கள் ஈபே மாதிரியான தளங்களிலும் பழம்பொருள் சந்தைகளிலும் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். நிறைய இருப்பதால் விலை குறைவு. ஒன்று உடைந்துபோனாலும் உலகத்துக்கு இழப்பில்லை. கைப்பிடியும் பெரும்பாலும் கெட்டியாக, துளைக்கத் தாங்கும்படி இருக்கும்.

இங்கிலாந்தின் கென்ட், சிம்ப்சன், ரூனி, பிரான்சின் பிளிசோன் போன்றவை வேறு சாதி. கென்ட் 1777இலிருந்தும், பிளிசோன் 1808இலிருந்தும் பிரஷ் செய்துவரும் நிறுவனங்கள். அவற்றின் பழைய பிரஷ் ஒன்று முடியோடு நல்ல நிலையில் கிடைத்தால் துளைப்பான் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கையில் கட்டிய முடியைப் பிடுங்கிவிட்டு இணையத்தில் வாங்கிய முடிக்கட்டைச் செருகினால் அதன் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, முடி வெளிவரும் வாய்ப்பகுதி. அந்த விளிம்பிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய விரிசல் இருந்தால் துளைக்கும்போது அது பிளந்துகொள்ளும். இரண்டு, அடிப்பக்கம். உட்கார வைத்து உட்கார வைத்துச் சில்லு பெயர்ந்திருக்கும். சிறிய சில்லு பரவாயில்லை. மூன்று, வாயின் அகலம். 22 மி.மீ. முடிக்கட்டு வைக்க வேண்டுமென்றால் குழியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 மி.மீ. சுவராவது மிஞ்ச வேண்டும். ஆக, வாயின் வெளிவட்டம் 27 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். அளவு தெரியாவிட்டால் விற்பவரிடம் கேளுங்கள்.

தந்தம் என்று சொல்லி விற்கப்படும் எதையும் வாங்காதீர்கள். இந்தியாவில் தந்த வியாபாரம் சட்டப்படி குற்றம். அந்தக் காலத்தில் 'ஃபிரெஞ்சு ஐவரி' என்று விற்றதெல்லாம் யானைத் தந்தம் இல்லை, செல்லுலாய்ட் என்பது வேறு கதை. அதற்கு வருகிறேன்.

முடியை ஏன் நம்பக் கூடாது

இது சுத்தம் பற்றிய சாதாரண அருவருப்பு இல்லை. மாட்டுக்கு வரும் அடைப்பான் நோய் தெரியுமல்லவா? ஆந்த்ராக்ஸ். முதல் உலகப் போர்க் காலத்தில் அது ஷேவிங் பிரஷ் வழியாக மனிதர்களுக்கு வந்தது. பேட்ஜர் என்னும் காட்டு விலங்கின் நல்ல முடி கிடைப்பது போரால் தடைபட, ஆசியாவிலிருந்து வந்த குதிரை முடியைச் சாயம் போட்டு பேட்ஜர் மாதிரி காட்டி பிரஷ் செய்தார்கள். சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத முடியில் நோயின் வித்துகள் இருந்தன. சவரக் கத்தி கீறிய இடத்தில் அந்த பிரஷ் பட்டால் போதும். பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்களும் பொதுமக்களுமாக 200 பேருக்கு மேல் முகத்திலும் கழுத்திலும் நோய் கண்டார்கள், பலர் இறந்தார்கள். 1920இல் பிரிட்டன் ஜப்பானிய ஷேவிங் பிரஷ் இறக்குமதியையே தடை செய்தது. பழைய அமெரிக்க பிரஷ்களின் கழுத்தில் 'ஸ்டெரிலைஸ்டு' என்று முத்திரை குத்தியிருப்பதைப் பார்த்தால், அந்தப் பயத்தின் மிச்சம் அது.

இன்றைக்கு உங்கள் கையில் வரும் பிரஷ்ஷில் அந்தக் கிருமி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் ஆந்த்ராக்ஸ் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியவை. வெந்நீர், வினிகர், டெட்டால் என்று வீட்டில் செய்யும் எந்த வைத்தியமும் அவற்றைக் கொல்லும் என்று நம்ப முடியாது. முடியைக் கொதிக்க வைத்தால் முடிதான் கெடும். முகத்தில் தேய்க்கப்போகும் பொருளில் இந்தச் சூதாட்டம் எதற்கு? பழைய முடியை வெட்டிப் போடுங்கள். முடி இன்னும் நன்றாக இருக்கிறதே என்று மனம் இளகும், இளக வேண்டாம்.

கைப்பிடி எதனால் ஆனது: மூக்கைக் கேளுங்கள்

முடியைத் தொடும் முன்பு கைப்பிடி என்ன பொருள் என்று தெரிந்தாக வேண்டும். ஒன்றுக்குச் செய்யும் வேலை இன்னொன்றை நாசமாக்கும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கட்டைவிரலால் ஒரே இடத்தில் சூடேறும்வரை அழுத்தித் தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள்.

பழைய சிவப்பு லைஃபாய் சோப்பின் கார்பாலிக் வாடை அடித்தால் அது ஃபீனால் வகை: பேக்லைட் அல்லது கேட்டலின். கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்ட். அதைச் செய்வதற்கே கற்பூரம் சேர்ப்பார்கள். கந்தக வாடை வந்தால் கெட்டி ரப்பர். எதுவுமே இல்லையென்றால் அக்ரிலிக் போன்ற பிற்காலப் பிளாஸ்டிக்காக இருக்கலாம். மரமும் உலோகமும் பார்த்தாலே தெரியும்.

பேக்லைட்டும் கேட்டலினும் ஒரே குடும்பம், ஆனால் குணம் வேறு. பேக்லைட்டில் மரத்தூள் போன்ற நிரப்பி கலந்து அழுத்தத்தில் வார்ப்பார்கள். கறுப்பு, அடர் பழுப்பு நிறங்களில்தான் அதிகம் வரும். அதன் பளபளப்பெல்லாம் மேல்தோலில் இருக்கிறது. உப்புத்தாள் போட்டால் தோல் போய் உள்ளே இருக்கும் தூள் தெரியும்; அப்புறம் எவ்வளவு மெருகேற்றினாலும் பழைய பளபளப்பு திரும்பாது. பேக்லைட்டுக்கு மெருகுப் பசை மட்டும் போதும்.

1920களின் கடைசியில் வந்த கேட்டலினில் நிரப்பி கிடையாது. பிசினை ஈய அச்சுகளில் ஊற்றி, அடுப்பில் நாள்கணக்கில் வைத்து இறுக்கி, பிறகு கடைந்து கையால் மெருகேற்றினார்கள். அதனால் உள்ளேயும் வெளியேயும் ஒரே பொருள்; தாராளமாகத் தேய்க்கலாம். ஒரு விஷயம் மட்டும் யோசிக்க வேண்டும். இன்றைக்குப் பனங்கற்கண்டு நிறத்தில் மின்னும் பல கேட்டலின் கைப்பிடிகள் பிறந்தபோது வெள்ளையாக, பளிங்குக் கோடுகளோடு இருந்தவை. வெளிச்சமும் காற்றும் பட்டு மேற்பரப்பு மட்டும் மஞ்சளேறியிருக்கிறது. நீலம்கூட இப்படித்தான் பச்சையாகிவிடும். உப்புத்தாளால் தேய்த்தால் ஓரிரு இடங்களில் திடீரென்று வெள்ளை எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் நிறுத்தவும் முடியாது, திரும்பவும் முடியாது. முழுவதையும் வெள்ளையாக்கித்தான் தீர வேண்டும். மஞ்சள் பிடித்திருக்கிறது என்றால் உப்புத்தாளை எடுக்கவே எடுக்காதீர்கள். என் ஓட்டு மஞ்சளுக்குத்தான்.

செல்லுலாய்ட் எளிதில் தீப்பற்றும். அதன்மேல் சுழலும் கருவி எதையும் சூடேறும்படி ஓட்டக் கூடாது. அசிட்டோனோ நகப்பூச்சு நீக்கியோ பட்டால் கரையும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். கெட்டி ரப்பரை வெந்நீரில் போட்டால் கறுப்பு போய்ப் பழுப்பாகிவிடும். மரப்பிடியில் அந்தக் காலத்துப் பெயின்ட் இருந்தால் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

இனி வரும் படிகளை ஒரு கேட்டலின் எவர்-ரெடியை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். அதுதான் அதிகம் கிடைக்கிறது, அதுதான் அதிகம் பொறுத்துக்கொள்ளும்.

என்னென்ன வேண்டும்

வெர்னியர் காலிப்பர் ஒன்று, பிளாஸ்டிக்கில் மலிவாகக் கிடைப்பது போதும். வேகத்தைக் குறைத்து ஓட்டக்கூடிய துளைப்பான், 5 மி.மீ. முதல் 10 மி.மீ. வரை பிட்கள். 13 மி.மீ. உப்புத்தாள் உருளை மாட்டிய மினி கிரைண்டர். டிரெமல் என்று சொல்வார்களே, அந்த வகை, எந்தக் கம்பெனியானாலும் சரி. 400, 600, 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர். பிராஸோ. மெதுவாக இறுகும் அரால்டைட். பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப். கையுறை, என்95 மாஸ்க், கண்ணாடி. ஃபீனால் பிளாஸ்டிக்கின் தூசி நெஞ்சுக்கு ஆகாது. வேலையை மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் இல்லாத நேரமாக.

பழைய முடியை எடுப்பது

முதலில் முடியைத் தண்ணீரில் நன்றாக நனையுங்கள். உலர்ந்த முடியை வெட்டினால் துணுக்குகள் காற்றில் பறக்கும்; ஈரமாக இருந்தால் கத்தையாக விழும். கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, கூர்மையான கத்தரிக்கோலால் வாய் விளிம்புவரை ஒட்ட வெட்டி, வெட்டியதை அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேருங்கள். கத்தரிக்கோலைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

இப்போது கைப்பிடியில் ஒரு வட்டமான முடித் தட்டு மட்டும் தெரியும். பல எவர்-ரெடிகளில் கழுத்து வளையமும் அடிப்பிடியும் தனித்தனித் துண்டுகள், திருகி ஒட்டியிருப்பார்கள். மெதுவாகத் திருகிப் பாருங்கள். கழன்றால் அதிர்ஷ்டம்: இரண்டு பக்கமிருந்தும் வேலை பார்க்கலாம். கழலவில்லை என்றால் இடுக்கி போட்டு முறுக்காதீர்கள். கேட்டலின் வயதாக ஆகச் சுருங்கி நொறுங்கும் தன்மையடைகிறது.

கைப்பிடியைப் பழைய சைக்கிள் டியூப் துண்டால் இரண்டு சுற்று சுற்றி, மேஜை வைஸில் நெருக்காமல் பிடியுங்கள். வைஸ் இல்லையென்றால் கையாலேயே பிடித்து மினி கிரைண்டரால் மட்டும் செய்யலாம், நேரம்தான் கூடுதலாகும். கையில் பிடித்துக்கொண்டு துளைப்பானை மட்டும் ஓட்டாதீர்கள்.

நடுவில் 5 மி.மீ. துளை ஒன்று, நேராக, மெதுவான வேகத்தில். பிட்டில் எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அந்த இடத்தில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்; முதலில் 12 மி.மீ. போதும். முடியின் அடிவேர் பிசினிலோ கெட்டி ரப்பரிலோ புதைந்திருக்கும். பிட் அதைக் கடிக்கும்போது முடி இழை இழையாகச் சுற்றிக்கொண்டு வரும். அடிக்கடி நிறுத்தி எடுத்துவிடுங்கள். ரப்பர்செட் வகையென்றால் ரப்பர் சூடாகிப் பிசுபிசுத்து நாறும். அவசரப்படாமல் ஆறவிட்டு ஆறவிட்டுத் துளையுங்கள். பின்பு 8, 10 என்று பிட்டைப் பெரிதாக்கலாம். அதற்கு மேல் துளைப்பானால் போகாதீர்கள். பெரிய பிட் கைப்பிடியின் சுவரைக் கவ்வினால் ஒரு நொடியில் பிளந்துவிடும்.

மரவேலைக்காரர்கள் அலமாரிக் கீலுக்குக் குழி எடுக்கும் தட்டையடி பிட்டைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். நிலைத்துளைப்பான் வைத்திருப்பவர்களுக்கு அது சரி. கையில் பிடிக்கும் துளைப்பானில் அது துள்ளும்.

10 மி.மீ. துளை விழுந்ததும் மினி கிரைண்டருக்கு மாறுங்கள். உப்புத்தாள் உருளையை உள்ளே விட்டு, குறைந்த வேகத்தில், சுவரை வட்டமாக வருடிக்கொண்டே வாருங்கள். இதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி நேரம் போகும். முதலில் பழுப்புத் தூசியும் முடித் துணுக்கும் வரும். பழைய பிசின் தீர்ந்து கேட்டலின் சுவரைத் தொட்டதும் தூசியின் நிறம் வெளிர் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மாறும், அந்த லைஃபாய் வாடையும் கிளம்பும். அதுதான் அடையாளம். அங்கிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்திக் காலிப்பரால் அளக்க வேண்டும். குழியின் அகலம் முடிக்கட்டின் அடியகலத்தைவிட அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை கூடுதலாக இருந்தால் போதும்.

சில கைப்பிடிகள் உள்ளே கூடாக இருக்கும். துளைத்துக்கொண்டே போனால் பிட் சட்டென்று வெற்றிடத்தில் விழும். பயப்பட ஒன்றுமில்லை. கூட்டின் அகலத்துக்கு ஒரு மரக்குச்சியைச் சீவி, அரால்டைட் பூசி அடியில் இறக்கி, அதன்மேல் முடிக்கட்டை உட்கார வைக்கலாம். மரத்தின் மேற்புறத்தையும் அரால்டைட்டால் மூடிவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் குடித்து உப்பும். அமெரிக்கர்கள் இதற்கு 5 சென்ட் நாணயங்களை அடுக்குகிறார்கள். நம்மூர் எவர்சில்வர் வாஷர்களும் அதே வேலையைச் செய்யும்.

கைப்பிடியைத் துலக்குவது

துளைக்கும் வேலை முடிந்த பிறகுதான் மெருகு. முன்பே செய்தால் வைஸில் மறுபடி கீறல் விழும்.

மிதமான வெந்நீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். இடுக்குகளில் எண்பது வருட சோப்பு கல்லாக இறுகியிருக்கும். பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள், ஊசி வேண்டாம். பல பிரஷ்களுக்கு இதுவே போதுமானது. கழுவித் துடைத்து, பிராஸோவை மென்மையான பனியன் துணியில் தொட்டுத் தேய்த்தால் துணியில் மஞ்சள் கறை ஏறும். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். ஃபீனால் பிளாஸ்டிக்கின் ஆக்சிஜனேறிய மேற்பரப்பு அப்படித்தான் மஞ்சளாகக் கழலும். கைப்பிடி ஃபீனால் வகைதான் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

ஆழமான கீறல், சில்லு, வைஸ் தடம் இருந்தால் மட்டும் வாட்டர் பேப்பர். தண்ணீரில் நனைத்து 400இல் தொடங்கி, கீறல் மறைந்ததும் 600, 1000, 1500, 2000 என்று போகவும். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய எண்ணின் கோடுகள் முழுவதும் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். 400இன் கோட்டை விட்டுவிட்டு 1500க்குத் தாவினால், கடைசியில் பிராஸோ போட்டுப் பளபளக்கும்போது அந்தக் கோடுதான் முதலில் கண்ணுக்குத் தெரியும். கைப்பிடியைத் துடைத்து, காய வைத்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஈரத்தில் எல்லாக் கீறலும் மறைந்த மாதிரி தெரியும், நம்பாதீர்கள்.

கம்பெனிப் பெயர் பொறித்த இடத்தில் வாட்டர் பேப்பர் படவே கூடாது. எழுத்துகள் மிக ஆழமில்லாதவை. நிறம் போயிருந்தால் எனாமல் பெயின்ட்டை எழுத்துக் குழிகளில் மெல்லிய தூரிகையால் நிரப்பி, ஐந்து பத்து நிமிடம் கழித்து மேலே வழிந்ததை ஒரு சீட்டின் விளிம்பில் துணி சுற்றி வழித்துவிடுங்கள். பிறகு ஒரு நாள் காயட்டும்.

மெல்லிய விரிசலுக்கு ஃபெவிக்விக் ஒரு சொட்டு. அது தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். காய்ந்த பின் வாட்டர் பேப்பரால் சமன் செய்யலாம்.

முடிக்கட்டும் குழியின் ஆழமும்

புது முடிக்கட்டுகள் தனியாக இணையத்தில் விற்கின்றன: 20, 22, 24, 26 மி.மீ. என்று அடியகலத்தைச் சொல்லி. பேட்ஜர், பன்றி முடி, குதிரை முடி, செயற்கை இழை என்று நான்கு வகை. முதல் பிரஷ்ஷுக்குச் செயற்கை இழையை எடுங்கள் என்பேன். விலை குறைவு, முதல் நாளிலிருந்தே ஒழுங்காக நுரைக்கும், சீக்கிரம் காயும், விலங்கு வாடை இல்லை, உதிர்வது அரிது. பழைய காலத்து நைலான் முள்ளை நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். இப்போதைய மெல்லிய இழைகள் முற்றிலும் வேறு. பன்றி முடி சற்று விறைப்பானது, பழகப் பழக நுனி பிளந்து மென்மையாகும். பேட்ஜர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விலையும் அதற்கேற்ப.

பிரஷ் நன்றாக அமையுமா இல்லையா என்பது முடியின் வகையைவிடக் கைப்பிடிக்கு மேலே எவ்வளவு முடி நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. முடி உயரமாக நின்றால் தொளதொளவென்று கன்னத்தில் சரியும்; நன்றாக இருக்கிறதென்று சொல்பவர்களும் உண்டு. குட்டையாக நின்றால் விறைப்பாக முதுகெலும்போடு இருக்கும், ரொம்பக் குட்டையானால் குத்தும். 22 மி.மீ. பேட்ஜர் என்றால் 47 முதல் 50 மி.மீ., 24 மி.மீ. செயற்கை இழை என்றால் 50 முதல் 53 மி.மீ. என்பது நடுத்தரம். பன்றி முடிக்கு 55க்கு மேல் வைக்கலாம்.

கணக்கு எளிது. முடிக்கட்டின் மொத்த உயரம் 64 மி.மீ., உங்களுக்கு வேண்டியது 50 என்றால் குழியின் ஆழம் 14 மி.மீ. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: முடிக்கட்டின் அடியில் பசை உருண்டு இறுகிய ஒரு குமிழ் இருக்கும். அந்தக் குமிழ் முழுவதும் குழிக்குள் மறைய வேண்டும். குமிழ் 9 மி.மீ. உயரம் என்றால் 9க்குக் குறைந்த ஆழம் உதவாது. பசை விளிம்புக்கு மேலே அசிங்கமாகத் தெரியும், முடியும் விரியாது. முடிக்கட்டு கையில் வந்து சேர்வதற்கு முன்பே குழியை இறுதி அளவுக்குத் துளைக்காதீர்கள். 22 என்று அச்சிட்டிருப்பது 22.6ஆக இருப்பது சகஜம்.

இனி ஒட்டாமலே ஒரு சோதனை. முடிக்கட்டின் அடியில் டெஃப்லான் டேப்பை இறுக்கமாகச் சுற்றி, குழியில் அழுத்தி நிறுத்துங்கள். அப்படியே சோப்பு குழைத்து முகத்தில் போட்டுப் பாருங்கள். தொளதொளப்பாக இருந்தால் குழியை இன்னும் 2 மி.மீ. ஆழமாக்கலாம். குத்தினால் அடியில் ஒரு வாஷர் போட்டு உயர்த்தலாம். ஓரிரு நாள் இப்படியே உபயோகித்துப் பார்த்துத் தீர்மானியுங்கள். அரால்டைட் இறுகிய பிறகு இந்தச் சுதந்திரம் கிடையாது.

ஒட்டுவது

குழியின் சுவரை 100 எண் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். முடிக்கட்டு நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். சோதனை செய்து நனைத்திருந்தால் இரண்டு நாள் விடுங்கள். முடிப்பகுதியைச் சமையலறைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி நூலால் கட்டிவிட்டால் பசை தவறிப் பட்டாலும் முடி தப்பும். கைப்பிடியின் வாய் விளிம்பிலும் டேப் ஒட்டி வையுங்கள்.

ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். முடிக்கட்டு கோணலாக நிற்பது தெரியும் நேரத்தில் அது கல்லாகியிருக்கும். மெதுவாக இறுகும் அரால்டைட்டின் இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு எடுத்து, ஒரு நிறமாகும்வரை கலக்குங்கள். குழியின் சுவரில் மெல்லிய பூச்சு, அடியில் ஒரு கடலைப் பருப்பளவு. அவ்வளவுதான். அடியில் நிறைய ஊற்றினால் முடிக்கட்டை அழுத்தும்போது காற்று வெளியேற வழியில்லாமல் பசை பிதுங்கி முடிக்குள் ஏறும். ஏறிய இடத்தில் முடி குச்சியாகிவிடும்.

முடிக்கட்டை உள்ளே வைத்து அரைச் சுற்று திருகிக்கொண்டே இறக்குங்கள். அடிவரை இறங்கியதும் பிதுங்கிய பசையை ஸ்பிரிட் தொட்ட காதுக்குடையும் பஞ்சால் துடையுங்கள். பிளாஸ்டிக் தாளை அவிழ்த்து, பிரஷ்ஷைக் கண்மட்டத்துக்குச் சமமாக மேஜையில் நிறுத்தி, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நான்கு பக்கமும் பாருங்கள். பின்னால் ஒரு கதவுச் சட்டத்தின் நேர்கோடு தெரிகிற மாதிரி வைத்தால் சாய்வு உடனே தெரியும். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று தரம் வந்து பார்த்துச் சரிசெய்யுங்கள். சில முடிக்கட்டுகள் தானாகவே சற்றுச் சாயும். பிறகு 24 மணி நேரம் தொடாதீர்கள். மின்விசிறிக்கு நேராக வைக்க வேண்டாம், தூசி படியும்.

பின்னாளில் முடிக்கட்டை மாற்றும் எண்ணம் இருந்தால் அரால்டைட்டுக்குப் பதில் சிலிகான் சீலன்ட் போடலாம். பிடிப்பு போதுமானது, கத்தியால் அறுத்து எடுத்துவிடலாம். கெட்டி ரப்பர், மெல்லிய கழுத்துள்ள கைப்பிடிகளுக்கு நான் அதைத்தான் விரும்புவேன். அவற்றை இரண்டாம் முறை துளைப்பதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

முதல் சில வாரங்கள்

சோப்பு அல்லது ஷாம்பு போட்டுக் கையில் தேய்த்து நுரைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக அலசுங்கள். முதல் சில முறை ஓரிரு முடி உதிரும், கவலை வேண்டாம். இரண்டு வாரம் கழித்தும் தினமும் உதிர்ந்தால் முடிக்கட்டின் தரம் குறைவு என்று அர்த்தம். உங்கள் ஒட்டுவேலை காரணமில்லை. பேட்ஜர், பன்றி முடியில் வரும் விலங்கு வாடைக்கு, கெட்டியாக நுரை கட்டி அப்படியே ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் அலசினால் போதும். இரண்டு மூன்று இரவு தேவைப்படலாம். பன்றி முடி முழுமையாகப் பழகச் சில வாரங்கள் தினசரி உபயோகம் வேண்டும்; அதுவரை நுரையை அதுவே விழுங்கிக்கொள்ளும், சோப்பைக் கொஞ்சம் தாராளமாக எடுங்கள்.

கொதிக்கும் தண்ணீர் முடிக்கும் ஆகாது, அரால்டைட்டுக்கும் ஆகாது. கை பொறுக்கும் சூடு போதும். கைப்பிடியோடு சேர்த்துக் குவளையில் ஊறப் போடாதீர்கள். முடி மட்டும் நனையட்டும். சவரம் முடிந்ததும் நுரை முழுவதும் போகும்வரை அலசி, இரண்டு உதறு உதறி, துண்டில் ஒற்றி, காற்றாட நிறுத்திவையுங்கள். தலைகீழாகத் தொங்கவிடும் ஸ்டாண்ட் வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். அழகுக்கு வாங்கிக்கொள்ளலாம், நிமிர்ந்து நின்றாலும் நன்றாகவே காயும். மூடிய டப்பாவிலோ எப்போதும் ஈரமாயிருக்கும் குளியலறை அலமாரியிலோ வைப்பதுதான் தவறு. பூசணம் பிடிக்கும்.

கேட்டலின் வெயில் பட்டால் மேலும் நிறம் மாறும். வெள்ளையாக்கியவர்கள் அதைச் சன்னலோரத்தில் வைக்காதீர்கள். மஞ்சள் வேண்டுமென்று விட்டவர்கள் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.